மதுரையை நடந்து பார்க்க வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

எங்கள் வீடு தெற்கு மாசி வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்துக்குள் இருக்கிறது. அதனாலேயே, சொந்தக்காரர்களில் யார் மதுரைக்கு வந்தாலும், கூட வேலை பார்த்தவர்களின் மச்சான் வந்தாலும், முதல் போன் எனக்குத்தான். கேட்கிறவர்கள் மாறுவார்கள், கேள்விகள் மாறாது. இனி யாராவது கேட்டால் இதை அனுப்பிவிடலாம் என்று எழுதி வைத்தேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

மதுரையை நடந்தே பாத்துடலாமா? ஆட்டோ வேண்டாமா?

பழைய மதுரையை நடந்துதான் பார்க்க வேண்டும். நான்கு வெளி வீதிகளுக்குள் அடங்கிய சதுரம்தான் பழைய ஊர். ரயில் நிலையத்திலிருந்து மீனாட்சி அம்மன் கோயிலின் மேலக் கோபுரம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர், கோயிலிலிருந்து திருமலை நாயக்கர் மஹால் ஒன்றரை கிலோமீட்டர் போல. ஆட்டோவில் ஏறினால் ஒருவழிப்பாதை, நெரிசல் என்று சுற்றி வளைத்து, நடந்து போகிறவனுக்குப் பின்னால் போய்ச் சேருவீர்கள்.

மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் இறங்கினால் மட்டும் அங்கிருந்து நடக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். அது ஊருக்கு வெளியே. டவுன் பஸ் பிடித்து பெரியார் பேருந்து நிலையத்துக்கோ சிம்மக்கல்லுக்கோ வந்துவிட்டு, அப்புறம் நடங்கள்.

ஒரே தெரு பேரு நாலு தடவ வருதே... கீழ, மேல, தெற்கு, வடக்குன்னு. எப்படி ஞாபகம் வச்சுக்கறது?

இது ஒன்று பிடிபட்டால் மதுரையில் பாதி வேலை முடிந்தது. கோயிலை நடுவில் வைத்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரம் போட்ட ஊர் இது. கோயில் மதிலுக்கு உள்ளேயே இருப்பது ஆடி வீதி. மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதி. அதற்கு அடுத்த சுற்று ஆவணி மூல வீதி, அதற்கும் அடுத்தது மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம். ஆடி, சித்திரை, ஆவணி, மாசி, வெளி என்று இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், போதும். யாராவது 'மேல ஆவணி மூல வீதி' என்றால் கோயிலுக்கு மேற்கே, மதிலிலிருந்து இரண்டாவது தெரு என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கீழ என்றால் கிழக்கு, மேல என்றால் மேற்கு. சிரிக்காதீர்கள், சென்னையிலிருந்து வந்த ஒரு பையன் 'கீழ மாசி வீதி' என்றதும் 'எங்க ப்ரோ எறங்கணும்' என்று கேட்டான்.

மாசி வீதின்னு பேரு, ஆனா தேரு சித்திரையிலதானே ஓடுது?

நல்ல கேள்வி, மதுரைக்காரர்களே பலர் யோசித்திருக்க மாட்டார்கள். எந்த மாதத் திருவிழாவில் சாமி எந்தத் தெருவில் சுற்றி வருகிறதோ அந்த மாதத்தின் பெயர் தெருவுக்கு. ஆவணி மூலத் திருவிழா ஆவணி மூல வீதியில். மீனாட்சியின் பெரிய தேரோட்டம் ஒரு காலத்தில் மாசி மாதத்தில் நடந்தது, அதனால் அது ஓடிய தெரு மாசி வீதி. 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் அந்த விழாவைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்த்துவிட்டார். மாசி என்றால் அறுவடை வேலையில் சனத்துக்கு ஓய்வு இருக்காது, சித்திரையில் இருக்கும் என்று ஒரு காரணம் சொல்வார்கள். சைவமும் வைணவமும் ஒரே கூட்டத்தில் நிற்கட்டும் என்று நினைத்தார் என்பது இன்னொன்று. எப்படியோ, விழா மாதம் மாறியது, தெருப்பெயர் மாறவில்லை.

ஸ்டேஷன்ல எறங்கினா எங்கேருந்து ஆரம்பிக்கறது?

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் நிற்பது மேல வெளி வீதியில், அதாவது கடைசிச் சுற்றில். எதிரே டவுன்ஹால் ரோடு. அதில் நேராகக் கிழக்கே நடந்தால் மேல மாசி வீதி குறுக்கே வரும். அதைத் தாண்டி அதே திசையில் போனால் மேலக் கோபுரத் தெரு, கோபுரம் எதிரே நிற்கும். வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொரு சுற்றாகக் கடந்து போவீர்கள், மேலே சொன்ன வரிசையைச் சரிபார்த்துக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

டவுன்ஹால் ரோட்டில் ஒரு வேடிக்கை. அங்கே ஒரு தெப்பக்குளம் இருக்கிறது, கூடலழகர் பெருமாள் கோயிலுடையது. நான்கு பக்கமும் கடைகள் முதுகைக் காட்டி நிற்பதால், அந்த ரோட்டில் தினம் போகிறவர்களுக்கே குளம் இருப்பது தெரியாது. கடைகளுக்கு நடுவே இடைவெளி கிடைக்கும் இடத்தில் எட்டிப் பாருங்கள், நடுவில் மைய மண்டபம் தனியாக நிற்பது தெரியும்.

எந்த நேரத்துல நடக்கறது நல்லது?

விடியற்காலை ஐந்தரையிலிருந்து எட்டரை, அப்புறம் மாலை நான்கரைக்கு மேல். நடுவில் அறையில் படுத்துத் தூங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கோயிலும் மதியம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தி நாலு மணிக்குத்தான் திறக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்துக் கல்லில் வெறுங்காலோடு நடந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மாதம் என்று கேட்டால் மார்கழி, தை. மார்கழி அதிகாலையில் ஆவணி மூல வீதிச் சந்துகளில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிற பெண்களுக்கு வழிவிட்டு, கோலத்தை மிதிக்காமல் நடப்பதற்கே கொஞ்சம் வித்தை வேண்டும்.

கோயிலுக்குள்ள போன் கொண்டு போகலாமா? கேமரா?

கூடாது. 2018லிருந்து செல்போனுக்குத் தடை, வாசலிலேயே சோதனை உண்டு. போன், கேமரா, பெரிய பை எல்லாவற்றையும் வெளியே பாதுகாப்பு அறையில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்க வேண்டும், செருப்புக்குத் தனி இடம். எந்தக் கோபுர வாசலில் விட்டீர்களோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். தெற்கு வாசலில் செருப்பை விட்டுவிட்டு வடக்கு வாசலில் தேடுகிற ஒருவரையாவது தினம் பார்க்கலாம். நான்கு வாசலும் ஒரே மாதிரி தெரியும், அதுதான் சிக்கல்.

உடை விஷயத்தில் அரைக்கால் சட்டை, கையில்லாத சட்டை வேண்டாம். வேறு மதத்தவர் பொற்றாமரைக் குளம், பிராகாரங்கள், ஆயிரங்கால் மண்டபம் வரை பார்க்கலாம், கருவறைப் பக்கம் விடமாட்டார்கள். ஆயிரங்கால் மண்டபத்தில் இருப்பது 985 தூண்கள், எண்ணிப் பார்த்துச் சண்டைக்கு வந்தவர் ஒருவர் உண்டு என்பதால் சொல்லி வைக்கிறேன்.

இன்னொன்று: திருப்பணி நடக்கிற காலத்தில் கோபுரங்களை மூடி வைத்திருப்பார்கள். வண்ணக் கோபுரம் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கோயில் பாத்தாச்சு. பக்கத்துல வேற என்ன இருக்கு?

கீழக் கோபுரத்துக்கு எதிரே ரோட்டைத் தாண்டினால் புதுமண்டபம். பெயர்தான் புது, கட்டியது திருமலை நாயக்கர். வசந்த விழாவுக்காகக் கட்டிய மண்டபம். நான் சின்னப் பையனாக இருந்தபோது அது முழுக்கக் கடை. தூணில் நாயக்கர் சிலை கும்பிட்டு நிற்கும், அவர் காலடியில் தையல்காரர் மிஷினை மிதித்துக்கொண்டிருப்பார், பக்கத்துத் தூணில் பித்தளைப் பாத்திரம், அதற்கடுத்து சோதிடப் புத்தகம். அம்மா பாவாடைத் துணியை அளவுக்குக் கொடுத்துவிட்டு 'ஒரு சுத்து சுத்திட்டு வா' என்பாள், நான் யாளியின் வாய்க்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். கோயிலுக்குள் 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததற்கு அப்புறம் கோயில் கடைகள் விஷயத்தில் கெடுபிடி கூடியது. புதுமண்டபக் கடைகளும் பின்னால் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. சிலைகளுக்கு நல்லதுதான். எனக்கு அந்த மிஷின் சத்தம் இல்லாதது ஒரு மாதிரி இருக்கிறது.

அதற்குக் கிழக்கே எழுகடல் தெரு. ஏழு கடலையும் ஒரே இடத்தில் வரவழைத்ததாகத் திருவிளையாடல் கதை சொல்லும் குளம் இருந்த இடம், குளத்தைத் தூர்த்துக் கடை கட்டிவிட்டார்கள். அங்கேயே ராயகோபுரம், நாயக்கர் தொடங்கி முடிக்காமல் விட்டது. இருபுறமும் நிற்கிற ஒற்றைக்கல் நிலைகளை அண்ணாந்து பார்த்தாலே, கட்டி முடித்திருந்தால் எவ்வளவு உயரம் போயிருக்கும் என்று தெரியும். நிலைக்குக் கீழே வளையல் கடை, பாத்திரக் கடை. கோபுரம் என்று யாரும் சொல்லாவிட்டால் தாண்டிப் போய்விடுவீர்கள். அம்மன் சன்னதித் தெருவோடு கிழக்கே போனால் விட்டவாசல் என்று ஒரு கல் வாசல் நிற்கும், அதைப் பற்றிக் கீழே கோட்டைக் கேள்வியில் சொல்கிறேன்.

மஹாலுக்கு நடந்து போற அளவுக்கு அங்க என்ன இருக்கு? ஒரு ஹால்தான்னு சொன்னாங்க?

சொன்னவர் முழுக்கப் பொய் சொல்லவில்லை. இப்போது இருப்பது 1636இல் கட்டிய அரண்மனையின் கால்வாசி மட்டும்தான். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்து பெயர்த்துக்கொண்டு போனது போக, காலம் தின்றது போக, மிச்சம் இருந்ததைக் கவர்னர் நேப்பியர் 19ஆம் நூற்றாண்டில் பழுது பார்த்தார். கொஞ்ச காலம் கோர்ட்டாகவும் ஓடியது. இருந்தாலும் முற்றத்தில் நின்று அந்தத் தூண்களைப் பார்க்காமல் போகாதீர்கள். இரண்டு பேர் சேர்ந்து கட்டிப் பிடித்தாலும் கை எட்டாது. கை எட்டும் உயரத்தில் எல்லாம் 'குமார் லவ்ஸ்' ரகக் கிறுக்கல்கள், அதற்கு மேலேதான் கட்டடம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை ஐந்துக்குள் போய்விட வேண்டும்.

மஹாலைவிட எனக்குப் பிடித்தது அதன் அறுந்து விழுந்த துண்டுதான். மஹாலுக்கு வடக்கே, விளக்குத்தூண் பக்கம், பத்துத்தூண் சந்து என்று ஒன்று. அரண்மனையின் ரங்கவிலாசப் பகுதியில் நின்ற பத்துக் கல்தூண்கள், மேலே கூரை இல்லாமல், சந்துக்கு நடுவே வரிசையாக நிற்கின்றன. சுற்றிலும் ஜவுளிக்கடை. தூணுக்கும் தூணுக்கும் நடுவே நைட்டி தொங்கும், ஒருவர் தூணில் சாய்ந்து டீ குடிப்பார், டிவிஎஸ் ஐம்பதில் துணி மூட்டை ஏற்றிக்கொண்டிருப்பார் இன்னொருவர். மொத்த வியாபாரிகள், நாம் சும்மா பார்க்க வந்தவர் என்று தெரிந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள், அதுவும் நல்லதே. அந்த வட்டாரத்தில் தமிழ் போலவும் இல்லாமல் தெலுங்கு போலவும் இல்லாமல் ஒரு பேச்சு காதில் விழுந்தால் அது சௌராஷ்டிரம். நாயக்கர் காலத்தில் பட்டு நெய்ய வந்து தங்கியவர்களின் வீட்டு மொழி. சுங்குடிச் சேலை இவர்கள் கைவேலைதான். துணியில் புள்ளி புள்ளியாக நூலால் முடிந்து சாயத்தில் முக்கி எடுப்பது. முடிச்சை அவிழ்த்த இடத்தில் சின்னக் கூர் நிற்கும், தடவிப் பார்த்தால் விரலுக்குத் தெரியும். தெரியாவிட்டால் அது அச்சடித்தது.

மதுரைக்குக் கோட்டை இருந்துச்சாமே, அது எங்க?

நீங்கள் நடந்துகொண்டிருப்பதே அதன் மேல்தான். வெளி வீதி என்றால் கோட்டைக்கு வெளியே என்று சும்மா வந்த பெயரில்லை. 1840களில் பிளாக்பர்ன் என்ற கலெக்டர், ஊர் நெருக்கடி தாங்காமல் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்க்க வைத்தார். இடிக்கிற இடத்தில் வேலைசெய்தால் அந்த நிலம் உனக்கு என்று சனத்துக்கே கொடுத்ததாகச் சொல்வார்கள். அந்த வேலையைப் பார்த்த சர்வேயர் மாரட்டின் பெயரில் மாரட் வீதிகள், பெருமாள் மேஸ்திரியின் பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதிகள். இவை மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் நடுவே வருபவை, முதல் கேள்விகளில் நான் சொன்ன வரிசையில் இல்லாதவை. குழப்பக்கூடாது என்று அப்போது விட்டேன். பிளாக்பர்னுக்கு நன்றி சொல்ல ஊரார் நட்டு வைத்த விளக்குத்தான் கீழ மாசி, தெற்கு மாசி வீதிகள் சந்திக்கும் மூலையில் நிற்கிற விளக்குத்தூண்.

நாயக்கர் கோட்டை இது. இதற்கும் முன்னால் பாண்டியர் கோட்டை ஒன்று இருந்தது, இன்னும் சின்னது. அதன் கிழக்கு வாசல்தான் மேலே சொன்ன விட்டவாசல். இடிக்காமல் 'விட்ட' வாசல்.

கோயில், மஹால் ரெண்டும் ஏற்கெனவே பாத்தவங்களுக்கு?

மேல மாசி வீதிக்குப் போங்கள். 251ஏ எண்ணுள்ள வீட்டில்தான் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேல்சட்டையை விட்டு அரை வேட்டிக்கு மாறினார். இப்போது கதர்க் கடை. காந்தி மியூசியம் வேறு, அது ஆற்றுக்கு வடக்கே தமுக்கத்தில், ராணி மங்கம்மாள் அரண்மனையில் இருக்கிறது, அங்கே காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணி இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம்.

அதே மேல மாசி வீதியில் மதனகோபால சுவாமி கோயில். அதன் மண்டபத் தூண்கள் அமெரிக்காவில் பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. கோயிலில் கழித்துப் போட்ட கற்களை 1912இல் தேனிலவுக்கு வந்த ஒரு அமெரிக்கப் பெண் விலைக்கு வாங்கிக் கப்பலில் ஏற்றினார். நம்மூர்த் தூண்களைப் பார்க்க அங்கே டிக்கெட் வாங்க வேண்டும்.

கோயில் மட்டும்தானா? பள்ளிவாசல், சர்ச் எதுவும்?

பெரியார் பேருந்து நிலையம் பக்கம் கூடலழகர் கோயில், அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் காஜிமார் பெரிய பள்ளிவாசல். கிழக்கே கீழ வெளி வீதிப் பக்கம் புனித மரியன்னை பேராலயம், வெள்ளையும் நீலமுமாக. கூடலழகர் கோயிலில் விமானம் மூன்று அடுக்கு: பெருமாள் கீழே உட்கார்ந்திருப்பார், மேலே நிற்பார், அதற்கும் மேலே படுத்திருப்பார். படியேற அனுமதிக்கும் நாளாக அமைந்தால் விடாதீர்கள்.

சாப்பாடு எங்க? ஜிகர்தண்டா எங்க நல்லாருக்கும்?

கடைப் பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் அடுத்த முறை எனக்கே இடம் கிடைக்காது. ஜிகர்தண்டா என்றால் விளக்குத்தூண் பக்கம். சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி, மேலே ஐஸ்கிரீம், நின்றபடியே குடிக்க வேண்டியது. காலையில் தள்ளுவண்டியில் பருத்திப்பால் கிடைத்தால் அதையும் பாருங்கள், பருத்திவிதையை ஆட்டிப் பாலெடுத்துக் கருப்பட்டியும் சுக்கும் போட்டது. ராத்திரி பதினொன்றுக்கும் ஆவி பறக்க இட்லி கிடைக்கும். தூங்கா நகரம் என்று சும்மா சொல்லவில்லை. நான்கு சட்னி இல்லாவிட்டால் இட்லியைத் தொடாதவர்கள் நாங்கள்.

அம்மாவுக்கு முட்டி வலி. அவங்களால முடியுமா?

சித்திரை வீதிச் சுற்று மட்டும் போதும். வண்டிகளை விடுவதில்லை, தரை சமம், ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர், நான்கு கோபுரத்தையும் நான்கு பக்கமிருந்து பார்த்துவிடலாம். இடையிடையே உட்கார்ந்துகொள்ளலாம். மாலை ஆறு மணிக்கு மேல், கல்லின் சூடு அடங்கிய பின் கூட்டிப் போங்கள்.

தெப்பக்குளம், வைகை எல்லாம் நடந்து போகலாமா?

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு பஸ் அல்லது ஷேர் ஆட்டோ. நாலைந்து கிலோமீட்டர் வரும், வழியில் பார்க்க ஒன்றும் இல்லை. போய்ச் சேர்ந்தபின் குளத்தைச் சுற்றி நடங்கள், அதுதான் சாயங்கால நடை. 1645இல் நாயக்கர் வெட்டியது. இங்கே தோண்டும்போது கிடைத்தவர்தான் கோயிலுக்குள் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையார் என்பார்கள். தைப்பூசத்தன்று தெப்பம் ஓடும். தண்ணீர் வைகையிலிருந்து வாய்க்கால் வழியே வர வேண்டும், அது வராத வருடங்களில் உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடியதை நானே பார்த்திருக்கிறேன், ஆடியும் இருக்கிறேன்.

வைகைக்கு சிம்மக்கல், யானைக்கல் வழியாக நடந்தே போகலாம். 1889இல் திறந்த ஆல்பர்ட் விக்டர் பாலத்தில் நின்று பாருங்கள். ஆற்றில் பெரும்பாலும் தண்ணீர் இருக்காது, ஏமாறாதீர்கள். பாலத்தின் கல் வளைவுகளும், தெற்கே கோபுரங்களும் சேர்ந்து தெரியும் காட்சிக்காகப் போகலாம்.

ஊர் நெரிசல் போதும், கொஞ்சம் மலை, காத்து எங்கயாவது?

கீழக்குயில்குடி சமணர் மலை. ஊருக்கு மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், அங்கே வரை பஸ், அப்புறம் நடை. அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். படியேறினால் பேச்சிப்பள்ளத்தில் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்கள், கீழே வட்டெழுத்தில் செய்து கொடுத்தவர்கள் பெயர், ஆயிரம் வருடத்துக்கு மேலாக. சூரியன் ஏறுமுன் போய் இறங்கிவிடுங்கள், மேலே நிழல் கிடையாது, கடையும் கிடையாது.

சித்திரைத் திருவிழாவுக்கு வந்து சுத்திப் பாக்கலாம்னு இருக்கோம், சரிதானே?

திருவிழா பார்க்க வாருங்கள், ஊர் பார்க்க வராதீர்கள். இரண்டும் சேராது. திருக்கல்யாணம், தேர், அழகர் ஆற்றில் இறங்குவது என்று அடுத்தடுத்து வரும் அந்த நாட்களில் மாசி வீதியில் நாம் நடப்பதில்லை, கூட்டம் நம்மை நடத்திக்கொண்டு போகும். வெயில் பற்றி மேலே சொன்னதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். தேர் பார்க்க ஆசை என்றால் காலை வடம் பிடிக்கும் முன்பே கீழ மாசி வீதித் தேரடிப் பக்கம் போய், யார் வீட்டுத் திண்ணையிலாவது இடம் பிடியுங்கள். மதுரைக்காரர்கள் திட்டிக்கொண்டே தண்ணீர் கொடுப்பார்கள்.

போன் மேப்பு சந்துக்குள்ள போனா சுத்த விடுது. கோபுரமும் தெரியல. என்ன பண்றது?

தெற்குக் கோபுரம் 160 அடி உயரம், ஆனாலும் குறுகிய சந்தில் நின்றால் எதிர்வீட்டு மொட்டைமாடிதான் தெரியும். போனை உள்ளே வையுங்கள். எந்தச் சந்தானாலும் ஒரே பக்கமாக நடந்துகொண்டே இருந்தால் நாலைந்து நிமிடத்தில் ஏதாவது ஒரு வீதியில் கொண்டுபோய் விடும், பெயர்ப்பலகையில் மாதம் இருக்கும், இரண்டாவது கேள்விக்குச் சொன்ன கணக்கைப் போடுங்கள்.

பலகையில் வடம்போக்கித் தெரு என்று இருந்தால் இன்னும் சுலபம், நீங்கள் மாசி வீதியின் ஒரு மூலைக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். மூலையில் தேர் திரும்பும்போது முன்னால் இழுக்கிறவர்கள் சட்டென்று திரும்ப முடியாது, வடத்தோடு நேராகப் போக இடம் வேண்டும். அந்த வடம் போக விட்ட தெரு அது. எங்கள் தாத்தா அதற்குள் போய் முட்டியில் ரத்தத்தோடு வருவாராம், வடம் பிடித்தவர்களில் எப்போதும் கடைசி ஆள் அவர்தான் என்பாள் பாட்டி. அதற்கும் வழி தெரியவில்லை என்றால் டீக்கடையில் கேளுங்கள். 'நேரா போய் சோத்தாங்கை பக்கம் திரும்புங்க' என்பார்கள், சோத்தாங்கை என்றால் வலது கை.